பள்ளம் பிடித்தவள்

போன வியாழக்கிழமை அறந்தாங்கியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பை விற்கிற கடையில், என் கை தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கூல் பையைச் சொல்கிறேன். ஊதாத் துணி, முன்பக்கம் முழுக்க ஒரு பொம்பளையின் படம். கறுப்பு அங்கி, பச்சைக் கண், தலையில் கண்ணாடிச் சில்லுகளால் ஆன கிரீடம். உள்ளங்கையை விரித்து, டிராபிக் போலீஸ் மாதிரி நம்மைப் பார்த்துத் தூக்கி நிற்கிறாள். மற்ற விரல்கள் நேராக இருக்க, சுண்டுவிரல் மட்டும் என்னுடையது மாதிரியே கொக்கியாக உள்ளே வளைந்திருக்கிறது. வரைந்தது யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் நீ சொல்லிக் கொடுக்காமல் அந்த விரல் அப்படி வந்திருக்காது.

அண்ணன் பேத்திக்குப் பை வாங்கத்தான் போயிருந்தேன். அவள் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பள்ளத்தரசி பைதான் வேண்டும் என்று ஒரே பிடி. கடைக்காரர் கொம்பை நீட்டி அதை எடுத்துக்கொண்டே, "அந்தக் கார்ட்டூன் வந்ததுல இருந்து இதுதாங்க ஓடுது. கெட்டவதான், ஆனா புள்ளைகளுக்கு அவளத்தான் புடிக்குது" என்றார். விலை கூடுதலாகச் சொன்னார். குறைத்துக் கேட்டேன். என் கையை நானே பேரம் பேசி வாங்கிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன்.

வழியெல்லாம் மடியில் அந்தப் பை. உன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நீ போய்ச் சேர்ந்து ரெண்டு மாதம் ஆகப் போகிறது. செத்தவர்களோடு சண்டை போடக்கூடாது என்பார்கள். நான் போடத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது நீ பிடி கொடுக்கவில்லையே.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ ஊருக்குச் சொன்ன கதை வேறு. அதனால் உன்னிடமே ஒரு தடவை முதலில் இருந்து சொல்லி வைக்கிறேன். மறுப்பதென்றால் மறுத்துக்கொள்.

எங்கள் அத்தா அப்போது ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். இப்போது அண்ணனும் நானும் பார்க்கிறோமே, அதே கம்பெனி. உன் அப்பா திருமயம் பக்கத்தில் இருந்து வந்து, துறைமுக ரோட்டில் மீன்பிடி போட்டு இன்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டார். மீன் வாடை தாங்காமல் உன் அம்மா மூக்கில் முந்தானையோடு நடந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேரைக்கூடக் கேட்காமல் நீ கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஒங்க கம்பெனியில ஐஸ் சும்மா கிடைக்குமாடி?"

கிடைத்தது. உடைந்த ஐஸ் பாரை எந்தப் போட்டுக்காரரும் வாங்க மாட்டார். அதையெல்லாம் பின்பக்கத்து உமிக் கொட்டகையில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நீயும் நானும் அங்கேதான். அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும். உமி பாவாடையெல்லாம் ஒட்டும். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்க, நாம் ரெண்டு பேரும் உள்ளே ஐஸ் துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் நீ ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணித் தொட்டியைக் காட்டி, "இதுக்கு அடியில ஒரு நாடு இருக்கு ரமீஜா" என்றாய்.

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"பாடுவாங்க."

"அந்தக் குளிர்ல வாயத் தெறக்க முடியுமா?"

"அதுக்குத்தான் பாடுறாங்க. பாடலைன்னா ஒதடு ஒட்டிக்கும்."

அவ்வளவுதான், நாடு பிறந்துவிட்டது. பள்ளிக்கூட அகராதியைப் புரட்டி, துமி என்றால் நீர்த்துளி என்று கண்டுபிடித்து வந்தாய். அந்த ஜனங்கள் துமியர் ஆனார்கள். அவர்களுடைய வாத்தியத்தை நான் கண்டுபிடித்தேன். ஐஸ் வார்க்கிற தகரக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கு நேர் மேலே கயிற்றில் ஒரு ஐஸ் துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். முதல் சொட்டு கேனில் விழுந்து 'டங்' என்றால் பாட்டு ஆரம்பம். ஐஸ் தீர்ந்தால் பாட்டு முடிந்தது. கல்யாணப் பாட்டுக்கு முழு பார். மாமியார் மருமகள் சண்டைப் பாட்டுக்குக் கையளவு கட்டி. பிள்ளை பிறந்தால் பிள்ளை கனத்துக்கு ஐஸ்.

பாடுவது நீ. என் குரல்தான் உனக்குத் தெரியுமே, ஐஸ் உடைக்கிற மெஷின் தோற்றுவிடும். துமியர் பாஷையை நீ அங்கேயே, அந்தந்த நேரத்துக்கு உண்டாக்கினாய். எல்லாப் பாட்டும் கடைசியில் 'நிமா சேலூ' என்றுதான் வந்து நிற்கும். நிமா என்றால் இன்னும். சேலூ என்றால் இருக்கிறது. ஐஸைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது. இன்னும் இருக்கிறது, இன்னும் தீரவில்லை.

இவை எதையும் எழுதி வைக்கக்கூடாது என்பது துமியர் சட்டம். எழுதினால் பாட்டு உறைந்துவிடுமாம். அந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பார். நான் ஒரு நோட்டு வாங்கி வந்தபோது பிடுங்கி உமிக்குள் செருகினாயே, அது நீதான். அன்றைக்கு அது விளையாட்டு. இன்றைக்குப் பார்த்தால், சாட்சி இல்லாமல் செய்துவிட்டாய்.

இனி என் பங்குக்கு வருகிறேன். என்னுடையது என்று அந்த நாட்டில் நான் உரிமை கொண்டாடுவது பள்ளம் ஒன்றைத்தான்.

ஒருநாள் அண்ணன் கடலுக்குப் போன போட்டு திரும்பவில்லை. எல்லை தாண்டினதாக இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காலையிலேயே பேச்சு. எந்தப் போட்டு, யார் யார் என்று தெரியவில்லை. ஐஸ் கம்பெனி வாசலில் சனம் கூடிவிட்டது. ஆபீஸ் அறையில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அத்தா வெளியே வந்து உள்ளங்கையை உயர்த்துவார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர் கை இறங்குகிறவரை ஒரு சத்தம் இருக்காது. யார் பேர் வருமோ என்று மொத்த ஊரும் காதாக நிற்கும்.

நீ ஒன்றும் தெரியாமல் பின்வழியாகக் கொட்டகைக்கு வந்து பாட ஆரம்பித்துவிட்டாய். போன் மணி அடித்தது. நான் ஓடி வந்து, அத்தா செய்த மாதிரியே உன் முகத்துக்கு நேரே கையை உயர்த்தினேன். பாதி வார்த்தையில் நிறுத்தினாய். மேலே தொங்கிய ஐஸில் இருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்று. ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் என் அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று நான் நின்றேன். அப்புறம் அத்தாவின் குரல், "எல்லாரும் உசுரோட இருக்காங்களாம்" என்றது. நான் கையை இறக்கினேன். விட்ட இடத்தில் இருந்து நீ பாடினாய்.

நீ அன்று பாடியதைப் போல அதற்கு முன்பும் பாடியதில்லை, பின்பும் பாடியதில்லை. பாடி முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "இதுதாண்டி இவ்வளவு நாளா இல்லாம இருந்தது" என்றாய்.

அதற்குப் பிறகு துமியர் பாட்டுக்கு ரெண்டு ஆள் கட்டாயம் ஆயிற்று. பாடி மேடு போடுகிறவள் ஒருத்தி, கையை உயர்த்திப் பள்ளம் பிடிக்கிறவள் ஒருத்தி. கை எப்போது உயரும் என்று பாடுகிறவளுக்குத் தெரியக்கூடாது. உயர்ந்தால் அந்த எழுத்திலேயே நிற்க வேண்டும். மூச்சு விடலாம், சத்தம் விடக்கூடாது. சொட்டு மட்டும் பேசும். பள்ளம் இல்லாமல் பாடுவதற்குத் துமியர் பாஷையில் ஒரு பேர் வைத்தாய், 'கூவி விற்கிறது' என்று அதற்கு அர்த்தம். கேவலமான வசவு அது. ஞாபகம் இருக்கிறதா? நன்றாக வைத்தாய் பேர்.

ஒருநாள் கேட்டாய்: "நீ கையத் தூக்கிட்டு, எறக்காமலே வீட்டுக்குப் போயிட்டேன்னு வையி. அப்ப?"

"அப்ப நீ காத்துக்கிட்டுக் கெடக்கணும்."

"எம்புட்டு நேரம்டி?"

"நான் திரும்பி வார வரைக்கும்."

"பாட்டு?"

"பாட்டு எங்கையில இருக்கும். பத்திரமா."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சரியான கல்நெஞ்சக்காரி ஒங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்" என்றாய்.

பதினொன்றாம் வகுப்புக்கு நீங்கள் கடையை மூடிவிட்டுத் திருக்கோகர்ணத்துக்குக் குடி போனீர்கள். அப்புறம் நீ மெட்ராஸ், பாட்டுப் படிப்பு, கல்யாணம். எனக்குக் கல்யாணம் ஆகி, அவர் சவுதிக்கும் ஊருக்குமாக இருந்து, ஒரு வழியாக எல்லாம் ஓய்ந்து, நான் கம்பெனி ஆபீஸில் வந்து உட்கார்ந்தேன். பெருநாளைக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவோம். போனை வைக்கும்போது நீ 'நிமா சேலூ' என்பாய். அது நமக்குள் அப்படியே இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதில் என்ன தப்பு?

பிறகு ஒருநாள் டிவியில் துமிநாடு வந்தது.

அண்ணன் பேத்திதான் கூப்பிட்டுக் காட்டினாள். கார்ட்டூன். தொங்குகிற பனிக்கட்டி, அடியில் கவிழ்த்த கேன் பளபளவென்று வெள்ளியில். துமியர் வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள். உன் குரல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை தெரியுமா? அல்லா சத்தியமாக, முதலில் சந்தோஷம்தான். அடுக்களையில் இருந்த மதினியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இது நாங்க செஞ்சது மதினி, நாங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளையில செஞ்சது" என்று காட்டினேன். அப்போதுதான் கறுப்பு அங்கி போட்டு அவள் வந்தாள். கையை உயர்த்தினாள். பாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் குரல் அப்படியே செத்துப்போயிற்று. பாட்டுகளைத் தின்று உயிர் வாழ்கிற பள்ளத்தரசியாம். மதினி திரையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டார்.

அந்த விரல் எப்படி வளைந்தது என்றும் உனக்குத் தெரியும். உன் பாட்டுக்குப் பெரிய கட்டி வேண்டும் என்று நீ கேட்டு, நான் சறுக்குப் பலகையில் கையை வைத்து, பார் வழுக்கி வந்து நசுக்கியது. உன் அம்மாவுக்குத் தெரிந்தால் வர விட மாட்டார்கள் என்று நீ அழுததால், கதவில் நசுங்கியது என்று நான் வீட்டில் பொய் சொன்னேன். அந்த விரலைத்தான் சூனியக்காரிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

பேட்டிகளையும் பார்த்தேன். செல்லில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பார்த்தேன், புண்ணைச் சொறிகிற மாதிரி. எப்படி இந்த இசை மரபு உங்களுக்குத் தோன்றியது என்று கேட்கிறார்கள். நீ கொஞ்சம் மேலே பார்த்து, கொஞ்சம் சிரித்து, "சின்ன வயசுல நான் ரொம்பத் தனியா இருப்பேன். பேச ஆளில்லை. அதனால எனக்குன்னு ஒரு ஜனத்தை நானே உண்டாக்கிக்கிட்டேன்" என்கிறாய். ஒவ்வொரு பேட்டியிலும் அதே இடத்தில் அதே சிரிப்பு.

தனியாவா? உமிக் கொட்டகையில் உன் எதிரே உட்கார்ந்திருந்தது யார், உமியா?

பாட்டையாவது விட்டு வைத்தாயா? பள்ளம் வர வேண்டிய இடமெல்லாம் டிரம்ஸைப் போட்டு ரொப்பியிருந்தாய். ஒரு நொடி சும்மா இல்லை. என் அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று நான் நின்ற இடம் அது. அதில் கொண்டுபோய் டமடம என்று அடித்து வைத்திருக்கிறாய்.

போன் செய்தேன். கோபமாகப் பேசக்கூடாது என்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் செய்தேன்.

"கதைன்னா ஒரு வில்லி வேணும்ல ரமீஜா" என்றாய்.

"அதுக்கு எங்கைதான் கெடச்சுச்சா?"

"ஒங்கைன்னு யாருக்குடி தெரியும்?"

"ஒனக்குத் தெரியும்ல."

 அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. "ஆளுங்கள கையமர்த்துற கைன்னா கார்ட்டூன் கம்பெனிக்காரங்களுக்குக் கெட்ட கையாத்தாண்டி படுது. நான் சொல்லிப் பார்த்தேன். கேக்கலை" என்றாய்.

"தனியா இருந்தேன்னு சொன்னியே, அதும் அவங்க சொல்லச் சொன்னதா?"

"ரெண்டு பேர்னு ஆரம்பிச்சா வக்கீலு, கையெழுத்துன்னு ஆயிரம் வரும்னாங்க. ஒரு ஆளு கதையா இருந்தாத்தான் எடுபடும்னாங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம். ஒரே ஒருக்கா, ஏதாவது ஒரு எடத்துல, 'நாங்க ரெண்டு பேரும்'னு சொல்லு. போதும்."

"நேர்ல வாரேன். வந்து பேசுறேன்" என்றாய். போனை வைக்கும்போது நிமா சேலூ சொல்லவில்லை.

நீ வரவில்லை. புதுக்கோட்டை வரைக்கும் வந்திருக்கிறாய், கோயிலுக்கு வந்த போட்டோ எல்லாம் போட்டிருந்தாய். அங்கிருந்து இங்கிட்டு ஒரு பஸ்தான். உடம்புக்கு முடியவில்லை என்பதையும் என்னிடம் சொல்லவில்லை. நீ இல்லை என்கிற செய்தியே எனக்கு ஒரு விசிறிக் கூட்டத்தின் வாட்சப் வழியாகத்தான் வந்தது. ஆபீஸில் ஐஸ் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். அழுகை வரவில்லை. இனி நீ சொல்ல மாட்டாய் என்பதுதான் முதலில் தோன்றியது. அதற்காக உன்னை மன்னிக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரர் போன வாரம் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை திருக்கோகர்ணத்தில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம், கார்ட்டூன் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு. "பழைய ஃப்ரெண்ட்ஸ் சார்புல நீங்க ரெண்டு வார்த்தை பேசணுங்க" என்றார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போகிற எண்ணம் இல்லை. அப்புறம்தான் வியாழக்கிழமை அந்தப் பை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை அதை மாட்டிக்கொண்டு, என் எதிரே நின்று, சுண்டுவிரலைச் சிரமப்பட்டு மடக்கி, கையை உயர்த்திக் காட்டினாள். நான் பேச்சை நிறுத்தவில்லை என்று கோபம் வேறு. சரி, போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். நீ சொல்லாததை நானே சொல்வது. 'நாங்க ரெண்டு பேரும்.' அவ்வளவுதான் என் பேச்சு. பஸ்ஸில் போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேடையில் உன் படம். பக்கத்தில் அழகாகச் செதுக்கிய ஒரு ஐஸ் கட்டி, வெள்ளிச் சங்கிலியில் தொங்கியது. அடியில் எவர்சில்வர் தாம்பாளம். தாம்பாளத்துக்குள் ஒரு டர்க்கித் துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள். எதற்கு என்று பக்கத்தில் நின்ற கம்பெனிப் பையனிடம் கேட்டேன். "சொட்டுற சத்தம் மைக்ல விழுதுங்க மேடம், டிஸ்டர்பன்ஸ்" என்றான். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று உன் படத்தைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய், அதே பேட்டிச் சிரிப்பு.

பிறகு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி மௌன அஞ்சலி. யார் கையும் உயராமல், சும்மா வாயை மூடிக்கொண்டு, ஒருத்தர் இருமி, ஒருத்தர் செல் அடித்து, எப்போது உட்காரலாம் என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. துமியர் பார்த்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பார்கள்.

அப்புறம் பேச்சு. 'தனிமையில் ஒரு உலகத்தையே படைத்தவர்' என்றார் ஒருத்தர். 'ஒற்றை மனுஷியின் கனவு' என்றார் இன்னொருத்தர். ஆளுக்கு ஒரு பொன்னாடை. என் முறை வரும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். தொகுத்து வழங்கிய பெண் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள், கம்பெனிக்காரரைப் பார்த்தாள், "நேரம் கருதி" என்றாள். அடுத்து உன் மகள் பாடுவாள் என்று அறிவித்தாள். என்னிடம் இருந்த மூன்று வார்த்தைக்கு உன் கூட்டத்தில் நேரம் இல்லாமல் போயிற்று.

உன் மகள் வந்தாள். வளர்ந்துவிட்டாள், உன் கழுத்து, உன் நிற்கிற தோரணை. ஸ்பீக்கரில் டிரம்ஸ் ஓட ஆரம்பித்தது. அவள் பாடினாள்.  குரல் உன்னுடையது, பன்னிரண்டு பதிமூன்று வயதில் உமியில் உட்கார்ந்து பாடிய அதே குரல். கடைசி வரிக்கு வந்தாள். "நிமா" என்றாள்.

நான் எழுந்து நின்று கையை உயர்த்தினேன்.

யோசித்துச் செய்யவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்து, "ஐ, பள்ளத்தரசி!" என்று கத்தியது. சிலர் சிரித்தார்கள். யாரோ என் புடவையைப் பிடித்து, "உக்காருங்கம்மா" என்றார்கள்.

உன் மகள் நின்றுவிட்டாள். அந்த எழுத்திலேயே, வாய் பாதி திறந்தபடி.

டிரம்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சவுண்டுக்காரரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் விழித்தார். மறுபடியும் காட்டினாள். டிரம்ஸ் நின்றது. பிறகு அவள் குனிந்து, தாம்பாளத்துக்குள் இருந்த துண்டை உருவி எறிந்துவிட்டு, நிமிர்ந்து, என் கையையே பார்த்தபடி நின்றாள்.

ஒரு சொட்டு விழுந்தது. டங்.

அன்றைக்குத்தான் உனக்காக எனக்கு அழுகை வந்தது. உடனே ஆத்திரமும் வந்தது, அழுகையைவிடப் பெரிதாக. இத்தனை நாளும் நான் என்ன சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன் தெரியுமா? பெரிய இடத்துக்குப் போய்விட்டாள், பள்ளம் என்றால் என்ன என்றே மறந்துவிட்டாள், மறந்தவளிடம் என்ன கேட்பது என்று. நீ மறக்கவே இல்லை. துண்டை உருவுகிற அளவுக்கு மகளுக்குச் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். வீட்டுக்குள் என் கைக்கு மரியாதை, வெளியே அதே கைக்குக் கறுப்பு அங்கி.

அடுத்த சொட்டு விழுவதற்குள் சனம் பாட்டு முடிந்தது என்று நினைத்துக் கை தட்டிவிட்டது. தொகுப்பாளினி ஓடி வந்து நன்றி சொன்னாள். சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்தது. உயர்த்திய கை அப்படியே இருக்க, நான் இடது கையால் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

படியில் உன் மகள் வந்து வழிமறித்தாள்.

"ஆன்ட்டி, கைய எறக்குங்க. அப்பத்தான் நான் முடிக்க முடியும்."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். பள்ளம் பிடிக்கிறவங்க எறக்குற வரைக்கும் மூச்சு விடலாம், சத்தம் விடக்கூடாதுன்னாங்க."

"யாரு பிடிப்பாங்கன்னு சொன்னாளா?"

"ஒங்க பேரத்தான் சொன்னாங்க. சுண்டுவெரலு வளைஞ்சிருக்கும், என்னைக்காவது எங்கேயாவது எந்திரிச்சு நிப்பாங்க, அப்ப நிறுத்திடணும், ஏன்னு கேக்கக்கூடாதுன்னாங்க." அவள் கண் நிறைந்திருந்தது. "அம்மா ஒங்களப் பத்தி நெறையப் பேசுவாங்க ஆன்ட்டி."

பேசுவாயாம். ஒரு பஸ் தூரத்தில் நான் உட்கார்ந்திருக்க, உன் மகளிடம் பேசுவாயாம். நீ வருவதற்குப் பதிலாக இந்தப் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

"சரித்தா" என்றேன். "உள்ள மைக் இன்னும் இருக்கு. கம்பெனிக்காரங்களும் இருக்காங்க. எங்க அம்மாவும் இவங்களும் ரெண்டு பேருமா சேந்துதான் செஞ்சாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. எறக்கிடறேன்."

அவள் திரும்பி மண்டபத்துக்குள் பார்த்தாள். அங்கே பொன்னாடைக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். நீயும் அப்படித்தான் பாவாடை நாடாவைச் சுற்றுவாய்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேனே ஆன்ட்டி" என்றாள்.

அது அவள் தப்பு இல்லை. அவளுக்கு ரெண்டையும் நீதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும், யாரைக் கேட்டுக்கொண்டு பேச வேண்டும் என்பதையும்.

"கேட்டுட்டு வா. நான் எங்கயும் போகல, ஜெகதாப்பட்டினத்துலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அவள் படியிலேயே நின்றிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கிறவளாக.

இன்று வரை போன் வரவில்லை. பை ஆணியில் தொங்குகிறது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது மாட்டிக்கொண்டு போகிறாள். காலையில் ஒரு பார் உடைந்தது. உமியில் போடச் சொன்னேன், கட்டித் தொங்கவிடத் தோன்றவில்லை. நானும் டோக்கன் எழுதுகிறேன், சோறு அள்ளுகிறேன், தலை வாருகிறேன். பார்க்கிறவர்களுக்கு என் கை சாதாரணமாகத்தான் தெரியும்.

ஆனால் உனக்குச் சட்டம் தெரியும். வாழ்நாள் முழுக்க நான் இல்லாமல் பாடினாய். பாடிய அத்தனையும் உன்னுடையதாகவே இருக்கட்டும். அந்தக் கடைசி 'சேலூ' மட்டும் என்னிடம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று கேட்பாய். உன் வீட்டில் இருந்து யாராவது ஒருத்தர், சனங்களுக்கு முன்னால், என் பேரைச் சொல்கிற வரைக்கும்.

கையை நான் இன்னும் இறக்கவில்லை.